கடைசி இருக்கை வரை

மேவிஸ் ஹோல்முக்குக் காடு பிடிக்காது. ஒவ்வொரு ஆண்டும் மே மாதக் கடைசியில் கட்டிலும் குளியலறையும் உள்ளேயே இருக்கிற தன் வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, இலை பழுக்கிற வரைக்கும் காட்டுக்குள்ளேயே குடியிருக்கிற ஒருத்தி இப்படிச் சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் அவள் இதை யாரிடமும் மறைத்ததில்லை. மரம் அதிகம், கொசு அதிகம், வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வாள். அவளுக்குப் பிடித்தது ஒழுங்கு. மொன்டானாவின் மேற்கு மலைகளில், தேசியக் காட்டுக்குள் இருக்கிற லாந்தர் ஓடை முகாமில் அதற்கு எப்போதும் தட்டுப்பாடு.

முகாமுக்கு அவள்தான் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. நுழைவாயில் பக்கத்தில் வண்டி நிறுத்த ஓர் இடம், தண்ணீர், வனத்துறை கொடுத்த வாக்கி-டாக்கி, ஒரு பச்சை அங்கி, அவ்வளவுதான். பதிலுக்குக் கழிப்பறைகளைக் கழுவுவாள். சாப்பாட்டைக் கரடிக்கு எட்டாதபடி இரும்புப் பெட்டியில் பூட்டச் சொல்லிக் கூடாரம் கூடாரமாகப் போய் மிரட்டுவாள். அமைதி நேரம் வந்துவிட்டால், கிடார் வைத்திருப்பவர்கள் அவள் காலடிச் சத்தத்துக்கே கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார்கள். ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன இடங்களில் குனிந்து, அடுப்பு வளையத்துச் சாம்பலுக்குள் வெறும் கையை விட்டுத் துழாவுவாள். சூடு தட்டுப்பட்டால் ஒரு வாளித் தண்ணீர். பிறகு மறுபடியும் கை.

மனிதர்களை விட்டு விலகி இருக்க வேண்டும் என்று நகரத்திலிருந்து வருகிறவர்கள், பக்கத்துக் கூடாரத்துக் குறட்டை கேட்கிற தூரத்தில்தான் கூடாரம் அடிப்பார்கள். அப்புறம் அவளிடம் வந்து குறட்டையைப் பற்றிப் புகார் சொல்வார்கள். மேவிஸுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் வாழ்நாளின் பெரும்பகுதி கீழே பள்ளத்தாக்கு ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.

பேருந்து ஓட்டிய நாளில் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடைசிப் பிள்ளை இறங்கியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, நடுவழியாகக் கடைசி இருக்கை வரை நடந்து போவாள். ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பாள். அதற்கப்புறம்தான் பூட்டு. குளிர்காலத்தில் தூங்கிப்போன பிள்ளை ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் விடிவதற்குள் விறைத்துவிடும். எல்லா ஓட்டுநர்களும் செய்ய வேண்டியதுதான். மற்றவர்கள் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு "காலி" என்று இறங்கிவிடுவார்கள். மேவிஸ் நடப்பாள். ஒரு நாளும் அங்கே யாரும் இருந்ததில்லை. அதற்காக அவள் ஒரு நாளும் நடக்காமல் இருந்ததுமில்லை.

இப்படி நடந்தவள், முகாமுக்கு மேலே ஆரம்பிக்கிற மலைப்பாதையில் மட்டும் ஒரு தடவைகூட நடந்ததில்லை. முகாமைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதையில் ஏறுகிறவர்கள் கார் விடுகிற மேல் நிறுத்தம். அதை ஒட்டி ஓடையின் மேல் ஒரு பலகைப் பாலம். மேவிஸின் உலகம் அந்தப் பாலத்தோடு முடிந்தது.

"ஏறிப் போய்ட்டு, இறங்கி வந்து, திரும்ப இதே காருக்குத்தானே வரப் போறீங்க?" என்று முதுகில் மூட்டையோடு நிற்பவர்களைக் கேட்பாள். "அதுக்குக் கார் பக்கத்துலயே உக்காந்திருக்கலாமே."

அதே காருக்குத் திரும்பி வராதவர்களும் உண்டு. பாதை மலைமுகட்டைக் கடந்து மறுபக்கம் ஊசி ஏரி முகாமில் இறங்குகிறது. சாலை வழியாக அங்கே போவதென்றால் இரண்டு மலைத்தொடர்களைச் சுற்ற வேண்டும். பகல் முழுக்க ஆகும். அதனால் இந்தப் பக்கத்தார் சிலரும் அந்தப் பக்கத்தார் சிலரும் நடுவழியில் சந்தித்துக் கார் சாவிகளை மாற்றிக்கொள்வார்கள். இவர் கீழே இறங்கி அவர் காரை எடுப்பார், அவர் இவர் காரை. வாரக் கடைசியில் ஊரில் எங்கேயாவது பார்த்துத் திருப்பிக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூடச் செய்வதுண்டு. வீட்டுக் கதவுக்கு மூன்று பூட்டுப் போடுகிறவர்கள், மலையுச்சியில் பார்த்த வியர்வை முகத்தை நம்பிக் காரைக் கொடுப்பார்கள். மேவிஸைப் பொறுத்தவரை அது பல் விளக்குகிற பிரஷ்ஷை மாற்றிக்கொள்வதற்குச் சமம்.

அந்த ஆகஸ்டில் மழையில்லாமல் மின்னல் மட்டும் வந்து போனது. தெற்கு முகட்டில் எங்கேயோ ஒரு மரம் புகைந்துகொண்டிருப்பதாக வாக்கி-டாக்கியில் சொன்னார்கள். பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். காற்று அவர்களைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வெயில் செம்பு நிறமாக மாறியது. முகாமின் மேசைகள்மேல் கருகிய ஊசியிலைகள் விழ ஆரம்பித்தபோது, ஷெரிஃப் அலுவலகத்துப் போலீஸ்காரன் ட்ராய் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினான். ஆறடி உயரம், இடுப்பில் துப்பாக்கி. சிறுவயதில் மேவிஸின் பேருந்தில் போனவன்.

"மிஸஸ் ஹோல்ம், எல்லாரையும் கிளப்புங்க. இப்பவே. காத்து திரும்பிருச்சு."

"டேய் ட்ராய், மொதல்ல சட்டைப் பொத்தானைப் போடு. எவ்வளவு நேரம் இருக்கு?"

"நேரம் இருந்தா பொத்தானைப் போட்டிருப்பேனே."

மேவிஸ் ஒரு முனையிலிருந்தும் ட்ராய் மறுமுனையிலிருந்தும் புறப்பட்டார்கள். ஒருவர் தன் துணிப்பந்தலின் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், பந்தலா பிள்ளைங்களா?" என்றாள் மேவிஸ். "ரெண்டுல ஒண்ணுதான் ஏத்த முடியும்."

அவர் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்ததாக மேவிஸ் பிற்பாடு சத்தியம் செய்வாள்.

வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரளைச் சாலையில் இறங்கிப் போயின. காலியான ஒவ்வொரு இடத்திலும் மேவிஸ் கூடாரத் துணியைத் தூக்கிப் பார்த்தாள், கழிப்பறைக் கதவுகளைத் தட்டித் திறந்தாள், பழக்கதோஷத்தில் அடுப்புச் சாம்பலுக்குள் கையையும் விட்டாள்.

"மலையே எரியுது!" என்று கத்தினான் ட்ராய். "நீங்க அடுப்பைத் தொட்டுப் பாக்குறீங்க!"

"மலையை நான் பத்த வைக்கல. இது என் முகாம்."

கடைசியில் மேல் நிறுத்தத்தில் ஒரே ஒரு பச்சைக் கார் மிஞ்சி நின்றது. ஆரின் பாஸ்க் என்ற பல் டாக்டருடையது. இரண்டு நாள் முன்னால் தனியாக ஏறிப் போனவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதே வழியாக இறங்கிவிடுவதாக மேவிஸிடம் சொல்லியிருந்தார். அவள் பாலத்துக்கு அப்பால் பார்த்தாள். பாதை கொஞ்ச தூரம் போய்ப் புகைக்குள் நுழைந்து காணாமல் போனது. வாக்கி-டாக்கியில் மறுபக்கத்து முகாமைக் கூப்பிட்டாள். அங்கே பொறுப்பாளர் பெர்டி. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் ஒருவர் சமையலை இன்னொருவர் குறை சொல்கிற அளவுக்குப் பழக்கம்.

கரகரப்புக்கு நடுவே பெர்டியின் குரல் வந்தது. "பாஸ்க்கா? பல் டாக்டர்தானே? மத்தியானமே இங்க இறங்கிட்டாருடி. புகையைப் பாத்துட்டு இந்தப் பக்கமே வந்துட்டாராம். நல்லா இருக்காரு. வீட்டுக்குக்கூடக் கிளம்பிப் போயிட்டாரு."

மேவிஸ் நின்ற இடத்திலேயே கண்ணை மூடித் திறந்தாள். ட்ராய் ஆரஞ்சு நாடா ஒன்றைக் கிழித்துப் பச்சைக் காரின் பக்கக் கண்ணாடியில் முடிச்சுப் போட்டான். ஆள் பத்திரம், தேட வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

"அவ்வளவுதான், மிஸஸ் ஹோல்ம். கிளம்புங்க."

அவள் கிளம்பினாள். முன்னால் ட்ராய், பின்னால் அசைந்தாடிக்கொண்டு வீட்டு வண்டி. பின்கண்ணாடியில் பழுப்புப் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. காலி. ஆனால் கண்ணாடியில் பார்த்துக் காலி என்று சொல்வது அவளுக்கு ஒத்துவராத காரியம். வழி நெடுக என்னவோ அரித்தது. எது என்று பிடிபடவில்லை.

சரளைச் சாலை ஆற்றுப் பாலத்தில் போய் நெடுஞ்சாலையோடு சேர்கிறது. அங்கே ட்ராய் சாலைக்குக் குறுக்கே தடுப்பைப் போட்டான். மேவிஸ் வண்டியை ஓரங்கட்டி இறங்கி அவனிடம் போனாள்.

"ஆரின் எதுல போனாரு?"

"என்ன எதுல?"

"வீட்டுக்குக் கிளம்பிட்டார்னு பெர்டி சொன்னாளே. எந்தக் கார்ல கிளம்பினாரு? அவர் கார்தான் மேல நிக்குதே."

ட்ராயின் கை தடுப்புக் கட்டையின் மேல் அப்படியே நின்றது. அவனும் இந்த ஊர்க்காரன்தான். இதற்குமேல் அவனுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

மேவிஸ் வாக்கி-டாக்கியை வாயருகே வைத்தாள். "பெர்டி, அந்த ஆள் எந்த வண்டியை எடுத்துட்டுப் போனாரு?"

"சிவப்பு பிக்கப். ஏன்?"

"அது யாரோடது?"

பெர்டியின் குரல் மாறியது. "அடக் கடவுளே. ஒரு புருஷன் பொண்டாட்டி. ரோலண்ட், டெஸ். நேத்துக் காலையில மேல போனாங்க. ஓயாம சண்டை போட்டுக்கிட்டே... மேவிஸ், அவங்க இங்க திரும்பி வரலை."

அப்படியானால் பச்சைக் காரின் சாவி அவர்களிடம் இருந்தது. கார் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வருவார்கள். புகையைப் பார்த்துத் திரும்பினாலும், முகட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வண்டி இல்லை. அதைப் பல் டாக்டர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆள் பத்திரம் என்று நாடா கட்டியாயிற்று. ஆள் பத்திரம்தான், வேறு ஆள்.

ட்ராய் கார் ரேடியோவில் யார் யாரையோ பிடித்தான். புகைக்குள் ஹெலிகாப்டர் இறங்காது. தீயணைப்பு ஆட்கள் முகட்டின் மறுகோடியில் இருந்தார்கள். காற்று அடங்கட்டும், அதுவரை ஒருவரையும் உள்ளே விடாதே என்றார்கள். அவன் திரும்பியபோது மேவிஸ் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அந்த நீள வண்டியை அவள் சாலையின் அகலத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் ஒடித்துத் திருப்பியும் விட்டிருந்தாள்.

அவன் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றான். "முடியாது! ரோடு மூடியாச்சு!"

"மூடினது நீதானே. திற."

"எனக்கு ஆர்டர் இருக்கு. நீங்க செத்துப்போயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"நான் செத்துட்டா உன்னைக் கேக்க ஆள் ஏது? அவங்க செத்தா கேப்பாங்க." ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "ட்ராய். மஞ்சக் கோட்டுக்குப் பின்னால போ."

பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. வண்டி நகரும்போது பிள்ளைகள் அதைத் தாண்டி நிற்கக் கூடாது. துப்பாக்கி வைத்திருந்த அந்த ஆறடி ஆள், தான் என்ன செய்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே இரண்டடி பின்னால் போனான். அது போதும் அவளுக்கு.

மேலே போகப் போக வெளிச்சம் கெட்டது. முகப்பு விளக்கு புகையில் பட்டு முகத்துக்கே திரும்பியது. முகாமின் பலகை ஒரு பக்கமாகக் கடந்துபோனது: அமைதி காக்கவும், எஞ்சினை அணைத்து வைக்கவும். மேல் நிறுத்தத்தில் பச்சைக் காருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள்.

இத்தனை கோடைகளில் அந்தப் பள்ளத்தாக்கில் இவ்வளவு பெரிய சத்தத்தை யாரும் போட்டதில்லை. போட்டிருந்தால் அவள் விட்டிருக்கமாட்டாள். அழுத்திய கையை எடுக்காமல் பாதையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. தெற்குச் சரிவில் ரயில் போவதுபோல ஓர் இரைச்சல். அங்கே ரயில் கிடையாது.

ஒரு விறகுக் கட்டையை எடுத்து இருக்கைக்கும் ஹாரனுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தாள். வண்டி தானாக அலறிக்கொண்டிருந்தது. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மேவிஸ் இறங்கினாள். பலகைப் பாலத்தின் முன்னால் ஒரு கணம் நின்றாள். இடுப்பு வலித்தது. பேருந்தின் நடுவழி இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. தாண்டினாள்.

பாதை ஏறியது. ஹாரன் சத்தம் முதுகில் கை வைத்துத் தள்ளியது. காலில் வேர் தடுக்கி ஒரு தடவை முழங்காலில் விழுந்தாள். பக்கத்துப் புதரில் ஏதோ பெரிய மிருகம் அவளைச் சட்டை செய்யாமல் ஓடைப் பக்கம் இறங்கி ஓடியது. எல்லாமே கீழே போய்க்கொண்டிருந்தன. அவள் மட்டும் மேலே. முதல் வளைவு வரை, அதற்குமேல் போகக் கூடாது என்று தனக்குத்தானே சொன்னாள். வளைவு வந்தது. இன்னும் ஒன்று என்றாள். அடுத்த வளைவில் ஆளைப் பார்ப்பதற்கு முன் குரல் கேட்டது.

"மேல போயிரலாம்னு சொல்றேன்ல!"

"மேல போய்? அங்க என்ன இருக்கு, உன் பிக்கப்பா? அதைத்தான் பல்லைக் காட்டினவன்கிட்டத் தூக்கிக் குடுத்துட்டியே!"

"நீதான வந்த வழியே போனா போரடிக்கும்னே!"

"ஹாரன் கேக்குதா இல்லையா? கீழ ஆள் இருக்கு, ரோலண்ட்!"

"அது ஏதோ மாட்டிக்கிட்ட ஹாரன். ஆள் எவனாவது இந்நேரம் இருப்பானா?"

"இருப்பா," என்றாள் மேவிஸ்.

புகைக்குள்ளிருந்து துண்டு கட்டிய கிழவி ஒருத்தி வருவதைப் பார்த்து இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"சண்டையைக் கீழ போய் முடிச்சுக்கலாம். உங்ககூட வேற யாராவது வந்தாங்களா? பின்னால யாரையாவது பாத்தீங்களா?"

"இல்ல. நாங்க மட்டும்தான்," என்றாள் டெஸ்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"அப்ப முன்னால போங்க. நான் கடைசியா வர்றேன்."

இறங்குவது ஏறியதைவிட மோசமாக இருந்தது. சரிவின் மேலே ஒரு மரம் அடியிலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் பற்றியது. அந்த வெளிச்சத்தில்தான் பாலம் தெரிந்தது. பலகைகள்மேல் தணல்கள் விழுந்து கிடந்தன. ரோலண்டும் டெஸ்ஸும் தாண்டிக் குதித்து ஓடினார்கள். திரும்பிப் பார்த்தால் மேவிஸ் பாலத்தின் நடுவில் நின்று தணல்களை ஒவ்வொன்றாகப் பூட்ஸால் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க!" என்று அலறினாள் டெஸ்.

மேவிஸுக்கே அப்போதுதான் தெரிந்தது. எரிகிற தணலை விட்டுவிட்டுப் போகக் கால் வரவில்லை. கடைசித் தணலை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

ரோலண்ட் பச்சைக் காரின் கதவருகே நின்று சட்டைப் பையைத் தட்டினான். கால்சட்டைப் பையைத் தட்டினான். பிறகு மெதுவாகப் பாதையைத் திரும்பிப் பார்த்தான். "சாவி மூட்டைல இருக்கு."

"மூட்டை?"

"ஓடறதுக்குப் பாரமா இருக்குன்னு மேல போட்டுட்டு வந்தேன்."

டெஸ் வாயைத் திறந்தாள்.

"இப்ப வேணாம்மா," என்றாள் மேவிஸ். "என் வண்டில ஏறுங்க."

ஹாரனிலிருந்து கட்டையை இழுத்து எடுத்தாள். சத்தம் நின்றதும், மற்ற எல்லாச் சத்தமும் கேட்டது. அதற்கு ஹாரனே தேவலை.

சாலை இல்லை. விளக்குக்கு முன்னால் வெளுப்பாக ஒரு சுவர் மட்டும் நின்றது. ஜன்னல் கண்ணாடி தொட முடியாதபடி கொதித்தது. மேவிஸ் நிதானமாக ஓட்டினாள், அது மற்ற இருவருக்கும் பொறுக்கவில்லை.

"ரோடு தெரியுதா உங்களுக்கு?" என்றான் ரோலண்ட்.

"இல்ல."

"அப்புறம் எப்படி ஓட்றீங்க?"

"சரளைச் சத்தம் ரெண்டு பக்கமும் வரணும். பேசாம உக்காருங்க, கேக்கல."

பனிப்புயலில் பேருந்தை ஓட்டிய வழி அதுதான். சரளை நொறுங்குகிற ஓசை இடப்பக்கம் தேய்ந்தால் அந்தப் பக்கம் பள்ளம். வலப்பக்கம் தேய்ந்தால் மரம். ஏதோ ஒன்று வண்டிக் கூரையில் விழுந்து உருண்டு போனது. மேவிஸ் கழுத்தைத் திருப்பவில்லை. ஒரு வளைவில் சத்தம் இரண்டு பக்கமும் அறவே நின்றுபோனது. அவள் பிரேக்கைத் தொட்டாள், காத்திருந்தாள், ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை ஒடித்தாள். சரளை மறுபடியும் நொறுங்கியது. அப்போதுதான் டெஸ் அழ ஆரம்பித்தாள், சத்தமில்லாமல்.

ஆற்றுப் பாலத்தில் ட்ராய் தடுப்பை ஏற்கெனவே விலக்கி வைத்திருந்தான். அவர்கள் இறங்கியதும் டெஸ்ஸைக் கையைப் பிடித்துத் தன் காரில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். பிறகு வீட்டு வண்டியின் படியருகே வந்து நின்றான். மேவிஸ் இன்னும் இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே நடந்து போய்க்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குளியலறைக் கதவைத் திறந்து மூடினாள். கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள்.

"காலி," என்றாள்.

"உங்க மேல கேஸ் போடணும் நான்," என்றான் ட்ராய்.

"போடு. பொத்தானை மொதல்ல போடு."

முகாமில் பாதி எரிந்தது. கழிப்பறைகள் அப்படியே நின்றன. நெருப்புகூட அவற்றைத் தொட யோசித்திருக்கிறது என்றாள் பெர்டி. மேவிஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் டாக்டர் சிவப்பு பிக்கப்பைக் கழுவித் துடைத்து ஊருக்குக் கொண்டுவந்து ரோலண்டிடம் சாவியைக் கொடுத்தார். பச்சைக் காரும் அதன் சாவியும் எரிந்துபோயிருந்தன, ரோலண்டிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. டெஸ் அன்றைக்குச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் அப்போது சொன்னாள்.

அடுத்த மே மாதக் கடைசியில் மேவிஸ் கருகிய மரங்களுக்கு நடுவே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மேல் நிறுத்தத்தில் கார் விடுகிறவர்களிடம் எப்போது திரும்பி வருவீர்கள் என்று இப்போது அவள் கேட்பதில்லை.

"இந்தக் காரை எடுக்க யார் வரப் போறாங்க?"

"நாங்கதான். வேற யாரு வருவா?"

"மேல போய் யாருக்காவது சாவியைக் குடுத்தீங்கன்னா, எனக்கு மொதல்ல சொல்லி அனுப்பணும்."

சிலர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். சிலர் இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்ப்பார்கள். பாலத்துக்கு அப்பால் பாதை எப்படி இருக்கும் என்றும் கேட்பார்கள். இத்தனை கோடைகளில் பதில் சொல்ல அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை.

"ரெண்டு வளைவு இருக்கு," என்பாள். "அதுக்கு மேல தெரியாது."